தொட்டால் சுட வேண்டும்

பேட்டியைத் தொடங்கும் முன் இந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். காற்று நேராகப் பட்டால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

மானிய மோசடி வழக்குகளில் நான் அரசுத் தரப்பு வக்கீலாக இருந்தேன். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சூளையை எரிக்காமலே எரிபொருள் மானியம் வாங்குகிறார்கள் என்று 2006இல் புகார் வந்தது. ஆய்வுக்கு எளிய விதி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். சூளைச் சுவரைக் கையால் தொட வேண்டும். சுட்டால் ஓடும் சூளை. ஜில்லென்றிருந்தால் மோசடி, சீல் வைக்கலாம்.

விதியை எழுதியவன் அதை விளக்கவும் வேண்டும் அல்லவா. மாலை வேளைகளில் முதலாளிகளுக்கு ஆலோசனை சொன்னேன். கட்டணம் வாங்கினேன், சும்மா சொன்னால் யாரும் மதிப்பதில்லை.

அப்படி ஆலோசனைக்கு வந்த சாமிதுரையின் சூளைக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு ஆய்வு. உள்ள விறகப் போட்டுக் கொளுத்துங்க" என்றேன்.

"கோழிய எங்க சார் வைக்கிறது?"

"உங்க மாமியார் வூட்டுல வைங்க."

"அங்க போனா கொழம்புலதான் சார் இருக்கும்."

மறுநாள் சுவரைத் தொட்ட அதிகாரி கையை உதறிக்கொண்டு, "நல்லா ஓடுதுங்க" என்றார். பேட்டையில் வரிசையாக எல்லாச் சூளைகளும் தேறின.

விமலாராணியின் சூளை மட்டும் ஜில்லென்றிருந்தது.

"பீங்கான் ஃபியூஸ் கட்டை சுட்டு ஆற வெச்சிருக்கேன் சார். சூட்டோட தொறந்தா எல்லாம் வெடிச்சுடுங்க. இப்ப ஆறிடுச்சு, கதவத் தொறந்து பாருங்க. இந்தச் சரக்கு போவலைன்னா பேங்க்குல சூளைய எடுத்துக்குவாங்க."

விதியில் கதவைத் திறப்பது பற்றி ஒன்றும் இல்லை. சரக்கோடு சேர்த்து சீல் வைத்தோம். அடுத்த மாதம் பேங்க் சூளையை ஏலம் விட்டது.

அவர் சுட்டது உண்மை என்று எனக்குத் தெரியும். ஆலோசனைக்கு வரும்படி முன்பே ஆள் அனுப்பியிருந்தேன். "நான்தான் நெசமாவே சுடுறனே, எனக்கெதுக்குங்க வக்கீலு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பதில் மற்றவர்கள் காதிலும் விழுந்தது. அப்படியே விட்டிருந்தால் ஆளாளுக்கு நிஜமாகவே சுடத் தொடங்கியிருப்பார்கள். அதனால் அவர் சூளையில் புகை அடங்குவதைப் பார்த்து, அது ஆறி முடியும் நாளாகக் கணக்கிட்டு, ஆய்வுத் தேதியை நான்தான் குறித்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். என் காலத்தில் விருத்தாசலத்தில் பிடிபட்ட மோசடி அது ஒன்றே ஒன்றுதான். இந்த ஊரை அவ்வளவு நேர்மையாக வைத்திருந்தேன்.