மூக்கம்மாளை மிஷினுக்குத் தெரியாது

— அசையாம நில்லுங்க்கா. நீங்க பேசப் பேச பவுண்டேஷன் வாயோரத்துல கோடு கோடா வெடிக்குது.

— நான் பேசாம வேற யாருட்டி பேசுவா? மணி எட்டரை. ஒம்பதுக்குள்ள அந்த மிஷின் என் மூஞ்சிய எடுக்கலைன்னா மூணாவது நாளும் ஆப்சென்ட்டு. மூணு நாள் சேந்தாப்புல ஆப்சென்ட்டுன்னா பேர வெட்டிருவாவ. உனக்கு வாயோரம்தான் பெருசாப் போச்சு!

— அதுக்குத்தானுங்க்கா இந்தப் பாடு படறேன். போன சனிக்கிழமை இந்தப் புது அட்டெண்டன்ஸ் மிஷினுக்குப் போட்டோ எடுக்கறப்ப உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சோ, அதே மாதிரி கொண்டாந்துட்டா மிஷின் எடுத்துக்கும்.

— சனிக்கிழமை என் மூஞ்சிய அந்தக் கோலம் பண்ணுனது யாரு? மொதல்ல அதைச் சொல்லு அனிதா. செவனேன்னு செக்கிங் டேபிள்ல பீஸ் பாத்துட்டு கெடந்தவள டீ டயத்துல இழுத்து உக்கார வச்சு, 'அக்கா, கம்மி ரேட்டுல அஞ்சு அயிட்டம் வாங்கியிருக்கேன், உங்க மேல ஒரு ட்ரையல்'ன்ன. நான் என்ன சுவரா, வெள்ளையடிச்சுப் பாக்க?

— ட்ரையல் பாக்காம கல்யாணப் பொண்ணு மூஞ்சில கை வைக்க முடியுமாங்க்கா? சோமனூர்ல எங்க மாமன் புள்ளைக்கு நான்தானே மேக்கப்பு. பார்லர்ல கேக்கற காசுக்கு எங்க மாமன் தறியத்தான் விக்கோணும்.

— அந்த ட்ரையல உன் மூஞ்சில பாக்க வேண்டியதுதான?

— எனக்கு சென்சிட்டிவ் ஸ்கின்னுங்க்கா. பரு வந்துரும்.

— ஆமா, எனக்கு எருமத் தோலு. ஆறு வருசமா ஒன்கூட ஒரே டேபிள்ல நிக்கேன் பாரு, எருமதான்.

— ஏனுங்க, கேட்டுக்கு முன்னாடி என்னங்க இது? பொடி டப்பா, பென்சிலு, பஞ்சு... ஷிப்ட் ஆளுங்க எல்லாம் உள்ள போயாச்சுங்க.

— வாங்க குகன் தம்பி! டைம் ஆபீஸ்காரரே, நல்லாக் கண்ணத் தொறந்து பாருங்க. நான் யாரு?

— மூக்கம்மாக்காங்க.

— எத்தன வருசமாத் தெரியும்?

— நான் வேலைக்குச் சேந்ததுல இருந்துங்க. நாலு வருசம் ஆச்சு.

— பெறவு? மனுசனுக்குத் தெரியுது, கேட்டுல நிக்க நாய்க்குத் தெரியுது, வாலாட்டுது. உங்க மிஷினுக்கு மட்டும் தெரியலையோ?

— எனக்குத் தெரிஞ்சு என்னங்க்கா பண்றது? சிஸ்டத்துக்குத் தெரியோணுமல்லங்க. திங்கக்கெழமை, செவ்வாக்கெழமை ரெண்டு நாளும் கேட் பாஸ் போட்டு உங்கள உள்ள விட்டேன். வேலையும் பாத்தீங்க. ஆனா மிஷின்ல விழுந்தாத்தான் வந்த மாதிரின்னு ஹெட் ஆபீஸ்ல கறாராச் சொல்லிட்டாங்க.

— சூப்பர்வைசர் லெட்டர் குடுத்தாரே?

— அனுப்பினேனுங்க. 'நோட்டட்'னு ஒரு வார்த்தை வந்துச்சு. அவ்வளவுதானுங்க.

— அட ஏனுங்கண்ணா, புதுசா ஒரு போட்டோ எடுத்துப் போட்டா முடிஞ்சுது. அதுக்கு என்னமோ கண்ணு ஆபரேசன் மாதிரி பேசறீங்க?

— அனிதா, பாஸ்வேர்டு மிஷின்காரர்கிட்டத்தான் இருக்குதுங்க. அவரு மச்சினன் கல்யாணத்துக்குப் போயிட்டாரு. திங்கக்கெழமைதான் வருவாரு. எனக்குத் தெரியறதெல்லாம் பச்ச லைட்டு, செவப்பு லைட்டு. பேரு, நம்பரெல்லாம் ஹெட் ஆபீஸ்ல. இந்த வாரத்து மொத லிஸ்ட்டே இன்னைக்கு ஒம்பது மணிக்குத்தான் போன்ல வரும், நானும் அப்பத்தான் பாப்பேன்.

— தம்பி, உங்களுக்கு வெளையாட்டா இருக்கு. பேர வெட்டுனா புது ஆளாச் சேரணும். புது ஆளுக்குக் கம்பெனி ரூம் கெடையாது. எம்மவ நாகஜோதி பத்தாவது. பரிச்சைக்கு இன்னும் இருவது நாளு. புஸ்தகத்தத் தூக்கிட்டு மண்ணரை பூராவும் வீடு தேடி அலையச் சொல்லுதியளா?

— அக்கா, அழுகாதீங்க. ஐயோ, அழுதா ப்ரைமர் ஒட்டாதுங்க.

— ஒன் ப்ரைமருல தீய வைக்க!

— சரி, இப்ப போயி நில்லுங்க. பவுண்டேஷன் செட்டாயிருச்சு. கண்ண மூடாம, சிரிக்காம நேராப் பாருங்க.

— சிரிப்பு ஒண்ணுதான் கொறச்சல் எனக்கு. வழிய விடுங்க தம்பி.

— ட்ரை அகெய்ன்.

— அந்தா சொல்லிட்டா பாரு மிஷின் மகராசி! இங்கிலீசுல வேற வெரட்டுதா.

— சும்மாவே ரெண்டு தடவ அப்படித்தானுங்க சொல்லும். இன்னொருக்கா நில்லுங்க்கா.

— ட்ரை அகெய்ன்.

— ஒன்னத் தூக்கி நொய்யல் ஆத்துல போட.

— அக்கா, கலரு சரியில்லீங்க. அன்னைக்கு இன்னும் வெளுப்பா இருந்தீங்க. ரெண்டு பாட்டிலக் கலந்தேன். ஒண்ணு ரொம்ப வெள்ளை, ஒண்ணு ரொம்ப டார்க்கு.

— எத்தன சொட்டுக்கு எத்தன சொட்டு?

— அது... கை பாங்குதானுங்க.

— ஏட்டி, பனியன் கம்பெனில வேலை பாக்கவ பேசுத பேச்சா இது? ரெசிப்பி எழுதாம எவனாவது சாயம் போடுவானா? ரெண்டாந்தரம் அதே ஷேடு வேணும்னா எங்கன போயி முட்டுவான்?

— ஷேடெல்லாம் நான் ஒழுங்காத்தான் மேட்ச் பண்ணேனுங்க. உங்களுக்குத் தெரியாம உங்க கன்னத்துப் பக்கத்துல துணி பிட்டு வச்சுப் பாத்து, சரியா வந்த பிட்டக் கடைக்குக் கொண்டு போயித்தான் பாட்டில் எடுத்தேன். கடைக்காரரே அசந்துட்டாரு.

— எந்த பிட்டு?

— அந்த சந்தனக் கலர் பனியன் லாட்டுங்க. மூலையில கட்டி வச்சிருந்தாங்களே.

— அடிக் கோட்டிக்காரி! அது ஷேடு மாறிப் போச்சுன்னு பையரு ரிஜெக்ட் பண்ணுன லாட்டுட்டி! ஒரு கை ஒரு கலரு, முதுகு ஒரு கலரு. அதை வச்சா எம் மூஞ்சிக்குக் கலரு எடுத்த?

— அப்படீங்களா? அதான் கழுத்தும் மூஞ்சியும் வேற வேற ஆளாட்டம் இருந்துச்சு.

— அக்கா, ஒரு சந்தேகமுங்க. போட்டோ எடுக்கறாங்கன்னு தெரிஞ்சதும் நீங்க மூஞ்சியக் கழுவியிருக்கலாமல்லங்க?

— கழுவாமலா தம்பி இருந்தேன்? டீ டயம் முடியல, மைக்குல கூப்புடுதான், 'செக்கிங் செக்சன் எல்லாம் வாங்க'ன்னு. வரிசையில எனக்குப் பொறத்தால இவ. என் மொற வரவும், இந்தக் கோலத்துல நிக்கதான்னு வெக்கப்பட்டுப் பைப்படிக்கு ஓடுனேன். தேய்க்கேன் தேய்க்கேன், ஒரு பொட்டு கூடப் போகல. அந்த ஆளு 'அடுத்து, அடுத்து'ன்னு கத்தவும் இவ போயி நின்னுட்டா. நான் இவளுக்குப் பொறவு அப்படியே போயி நின்னேன்.

— வாட்டர் ப்ரூஃபுங்க்கா. அதுதான் அதுல ஸ்பெசலே. அந்த ரேட்டுக்கு வாட்டர் ப்ரூஃப் கெடைக்கவே கெடைக்காது.

— பெருமைய வேற பாரு!

— மணி எட்டே முக்காலுங்க.

— அண்ணா, நீங்க மணி சொல்லிச் சொல்லியே என்னைய அவசரப்படுத்தறீங்க. ஐப்ரோ ஒரு பக்கம் ஏறிப் போச்சு பாருங்க. போன்ல அன்னைக்கு எடுத்த செல்பி இருக்குது, அதப் பாத்து வரையறேன்.

— குடு பாப்போம். இது யாருட்டி?

— நீங்கதானுங்க்கா.

— கன்னம் ரோசாப்பூ மாதிரி இருக்கு, கண்ணு முட்டையாட்டம் இருக்கு, தலையில முயல் காது வேற நிக்கி. முயல் காத எங்கன வாங்குன?

— அது பில்ட்டருங்க. மேக்கப்பு போட்டா பில்ட்டர் இல்லாம யாருங்க்கா செல்பி எடுப்பாங்க?

— பில்ட்டர்தான் மூஞ்சிய மாத்திருமே, பெறவு எதுக்கு எம் மூஞ்சில அஞ்சு டப்பாவக் காலி பண்ணுன? சொல்லு! எளவு, எட்டேகாலுக்கே வந்து ஒம் மூஞ்சிய நீட்டி, தேங்க் யூ வாங்கிட்டு, ஜம்முன்னு வெளிய வந்து எனக்குச் சுண்ணாம்பு அடிக்க. ஒனக்கு என்ன கவலை?

— அப்படிச் சொல்லாதீங்க்கா. ரெண்டு நாளா எனக்கும் சோறு எறங்கலீங்க. உங்க ஊட்டுக்கு வந்தா நாகஜோதி மூஞ்சியப் பாக்க முடியல. 'அனிதாக்கா, ரூம் போயிருமா'ன்னு கேக்கறா. என்னத்தச் சொல்றது?

— ...சரி சரி, மூக்க உறிஞ்சாத. இப்ப நீயும் அழுதா யாரு வரைவா? போடு.

— இந்தாங்க, ஐப்ரோ. இந்தாங்க, காஜல். மேல பாருங்க. லிப்ஸ்டிக்... உதட்ட ஒட்டுங்க. போயி நில்லுங்க.

— ட்ரை அகெய்ன்.

— தெனமும் காண்டாமிருகம் மாதிரி ஒரு ஆளு, வாய் நெறயப் பாக்கப் போட்டுகிட்டு, தொப்பிய மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுட்டு வாரான். அவனுக்குத் தேங்க் யூ சொல்லுது. எனக்கு இந்த வஞ்சகம்!

— அவரு கட்டிங் மாஸ்டருங்க. அவருக்கு முந்தாநேத்து மிஷினே பயந்துருச்சு.

— தம்பி, நக்கலா?

— இல்லீங்க்கா, தெரியாமச் சொல்லிட்டேன். எட்டு அம்பத்திரண்டு.

— மூக்கு! அக்கா, மூக்குங்க! அன்னைக்கு மூக்குக்கு ரெண்டு பக்கமும் பிரவுன் கோடு போட்டுத் தேச்சு ஒல்லியாக்குனேனுங்க. கான்டூரு! அதை மறந்தே போயிட்டேன்!

— எம் மூக்கையா? எங்கம்மா மூக்கு இது. எங்க ஆச்சிக்கும் இதே மூக்கு. இதுல என்னட்டி கொறயக் கண்ட?

— கொறயெல்லாம் இல்லீங்க. வீடியோல போட்டாங்க, நானும் போட்டேன்.

— ஊரான் மூக்குன்னா கேக்க நாதி இல்ல. இழு, இழு. கோட்ட இழு. கம்பெனிக்கு ஆளு வேணுமா மூக்கு வேணுமான்னு தெரியல.

— பென்சில் ஒடஞ்சுருச்சு. அண்ணா, உங்க ப்ளேடக் குடுங்க, சீவோணும்.

— எட்டு அம்பத்தஞ்சுங்க.

— தெரியுதுங்க! இந்தாங்க்கா, இந்தப் பக்கம் ஆச்சு. திரும்புங்க. வெரல்ல தேச்சு விடறேன். நெத்தியில கொஞ்சம், தாவாயில கொஞ்சம்... ஐயோ சாமி, அதேதான், அன்னைக்கு இருந்த மூஞ்சி வந்துருச்சு!

— கண்ணாடியக் காட்டு. அடப் பாவி... எம்மவ பாத்தா யாருன்னு கேப்பா.

— போங்க்கா, ஓடுங்க! எட்டு அம்பத்தெட்டு!

— தேங்க் யூ.

— பச்ச! அண்ணா, பச்ச லைட்டுங்க!

— எடுத்துருச்சுங்க்கா! நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்!

— யம்மா... என் வயித்துல பால வாத்தியே மிஷினு. ஏட்டி அனிதா, இங்க வா. வைஞ்சதெல்லாம் மனசுல வைக்காத. கோவத்துல பேசிட்டேன்.

— நீங்க வைய்யாம யாருங்க்கா வைவாங்க? திங்கக்கெழமை வரைக்கும் நான் தெனமும் போட்டு விடறேன். உங்க ரூம் எங்கயும் போகாது. நாகஜோதி நிம்மதியாப் படிக்கட்டும்.

— சித்த இருங்க. லிஸ்ட் வந்துருச்சுங்க.

— படிங்க தம்பி. என் பேரு வெட்டுப்படலல்லா?

— இல்லீங்க்கா. வெட்டறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க. மூக்கம்மாள், மூணு நாளும் ப்ரெசென்ட்டுனு போட்டிருக்குது. இன்னைக்கு எட்டேகாலுக்கே உள்ள வந்திருக்கீங்க.

— எட்டேகாலுக்கு நான் பஸ் ஸ்டாப்புல தூக்குப்போணியோட நின்னேன். அப்பந்தான் பஸ்ஸ விட்டு எறங்குனேன்.

— எட்டேகாலுக்கு மூஞ்சி காட்டுனது நானுங்கண்ணா.

— அதான் பாக்கறேன். அனிதான்னு போட்டு, ரெண்டு நாளா ஆளே வரலீங்க. இன்னைக்கு எட்டு அம்பத்தெட்டுக்குத்தான் வந்திருக்குது.

— எட்டு அம்பத்தெட்டுக்கு அக்காதான... ஐயோ. அண்ணா, அந்த போட்டோக்காரரு ஆளக் கேக்கவே இல்லீங்க. லிஸ்ட்டுல பேர வரிசையாப் பாத்து எடுத்துட்டே இருந்தாரு. அக்கா பைப்படிக்குப் போனதால அக்கா பேருல நானும், எம் பேருல அக்காளும்...

— அப்பம் மூணு நாளா வெட்டுக்கு நின்னது என் பேரு இல்ல, உன் பேரா? ஏட்டி அனிதா, இந்த மூஞ்சியக் கையெடுத்துக் கும்பிட்டுக்கோ. நாளைக்கு நான் சும்மா மொகத்தக் கழுவிட்டு வந்து நின்னேன்னு வையி, ஆப்சென்ட்டு விழுறது ஒனக்காக்கும்.