தட்டில் பூத்த ஆறாம் விரல்

இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள். இது என் சிநேகிதன் முனிகிருஷ்ணனின் மச்சினிச்சி ஸ்வர்ணலதாவுக்கு நடந்தது.

ராத்திரி பத்தரை மணி. சித்தூருக்கு வெளியே மாந்தோப்பு நடுவில் ஒரு மண்ரோடு. கம்பெனி வேன் முனையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. தனியாக நடக்கிறாள்... திடீரென்று ஒரு வாடை. இடி விழுந்த இடத்தில் வருமே, அது. வானத்தில் மேகமே இல்லை.

அவளுக்கு அந்த வாடை தெரியும். மாங்கூழ் கம்பெனியில் பிளாஸ்மா மிஷின் ஓட்டுகிறவள். ஊதா வெளிச்சம்... 'சிர்ர்' என்று சத்தம்... அது பட்டால் மேஜை சுடாது, ஆனால் மேஜையிலிருக்கிற கிருமி செத்துவிடும். கையுறையையும் அந்த வெளிச்சத்தில் காட்டிவிட்டு, கிருமி மிச்சமிருக்கிறதா என்று பார்க்க ஐந்து விரலையும் ஒரு ஜெல்லித் தட்டில் பதிக்க வேண்டும். இரண்டு நாளில் அங்கே கிருமி வளர்ந்து வெள்ளையாகப் பூத்தால் வேலைக்கே ஆபத்து. குவைத்துக்குப் போன புருஷன் போனவன்தான். இரண்டு பெண்களுக்கும் இந்த வேலைதான் சோறு.

முன்னால் அந்த மிஷினை ஓட்டிய சுந்தரம்மாவுக்கு வலது கையில் ஆறு விரல். ஆயுதபூஜைக்கு மஞ்சள் குழைத்து, மிஷின் பக்கவாட்டில் கையைப் பதித்திருந்தாள். அடுத்த மாசம் காய்ச்சலில் போய்விட்டாள். மஞ்சள் கை மட்டும் நின்றது.

சோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று சூப்பர்வைசர் கிருஷ்ணப்பா சொன்னார்: "அத்த தொடச்சிடும்மா."

"செத்தவங்க கை சார்... வேணாம்."

"கிருமியே சாவுது இதுல. பேய் பொழச்சிக்குமா? தொடம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் துடைத்தாள்.

அன்று அவள் விரல் பதித்த தட்டு மூன்றாம் நாள் வந்தது. அவள் பதித்த ஐந்து இடமும் சுத்தம். கட்டைவிரல் பக்கத்தில்... சின்னதாக, வெள்ளையாக, ஆறாவது. கிருஷ்ணப்பா அவள் கையை வாங்கி விரலை எண்ணினார். ஐந்துதான்.

"இன்னொரு தபா பூத்தா... நீ வர வேணாம்மா." அவர் அவள் கையைச் சட்டென்று விட்டார்.

அன்றைக்குத்தான் இந்த ரோடு, இந்த வாடை. பின்னால்... 'சிர்ர்'. நின்றால் நிற்கிறது. நடந்தால் வருகிறது. திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். கதவைத் தாழ்போட்டாள். பிள்ளைகள் தூங்கின.

காலையில் இட்லி மாவு மூடியைத் திறந்தாள். முந்தின நாள் வேலைக்குப் போகுமுன் ஆட்டி வைத்த மாவு... கொஞ்சமும் பொங்கவில்லை. புளிப்பு வாசமில்லை. அந்த இடி வாடை. மேலே ஆறு விரல் குழி.

பின்னால் சின்னவள் எழுந்து உட்கார்ந்து சொன்னாள்.

"யம்மா... ராவெல்லாம் என் கன்னத்த தடவிக்கினே இருந்தியே, உன் கை இன்னாத்துக்கு அவ்ளோ சில்லுனு இருந்திச்சி?"