பதிமூன்றாவது பிள்ளை

ஸ்கூல் வண்டிக்குள் சாக்பீஸ் வாசனை லேசில் போகாது ஐயா. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கதவைத் திறந்து வைத்தாலும் திங்கட்கிழமை அப்படியே இருக்கும்.

என்னுடையது மெட்டடார் வேன். பூந்தமல்லிப் பள்ளியிலிருந்து மாங்காடு வரைக்கும் பதிமூன்று பிள்ளைகள். எங்கேயோ ஒரு வேன் கவிழ்ந்ததும், தொண்ணூற்று மூன்றில் எங்கள் பக்கம் கெடுபிடி வந்தது. பன்னிரண்டுக்கு மேல் ஒரு தலை தெரிந்தாலும் வண்டியைப் பிடித்துக்கொண்டு போவார்கள். சாயங்காலம் காட்டுப்பாக்கம் திருப்பத்தில் ஜீப் நிற்கும். இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாக எண்ணுவார்.

அதனால் திருப்பத்துக்கு முன்னாலேயே ஒரு பிள்ளையை இறக்கிவிடுவேன். மூடிப்போன செங்கல் சூளைக்குள் ஒற்றையடிப் பாதை உண்டு. அதில் ஐந்து நிமிஷம் நடந்தால் ஜீப்பைத் தாண்டி ஏறிக்கொள்ளலாம். எப்போதும் நாகவல்லிதான் இறங்குவாள். மூன்றாம் வகுப்பு. மற்றதுகள் முரண்டு பிடிக்கும், அவள் சொன்ன பேச்சுக் கேட்பாள். வெளியே சொன்னால் எல்லாரையும் ஜீப்பில் ஏற்றிப் போய்விடுவார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். ஒன்றுகூட வாய் திறந்ததில்லை.

அந்தப் புதன்கிழமை அவள் வந்து சேரவில்லை. பத்து நிமிஷம் நின்றேன். பிள்ளைகளுக்குப் பசி. கிளம்பிவிட்டேன்.

அவள் அம்மா வனஜா தெருமுனையில் நின்றிருந்தாள். "பாப்பா எங்க சம்பத்து?"

"இன்னிக்கி வண்டிக்கே வரலியேக்கா. நீங்க இட்டுகினு பூட்டீங்கன்னு நெனச்சேன்."

ராத்திரிக்குள் ஆளுக்கு ஒருவர் மேல் சந்தேகம். வனஜாவுக்குக் கொழுந்தன் மேல். ஆவடித் தொழிற்சாலையிலிருந்து ஓடிவந்த அவள் புருஷனுக்குப் பள்ளி வாட்ச்மேன் மேல். ஸ்டேஷனில் உங்கள் ஆட்கள் என்னையும் கேட்டார்கள். "ஐஸ் விக்கிற அப்பாவு, புள்ளைங்களாண்ட ரொம்ப சிரிச்சிப் பேசுவாரு சார்" என்றேன். பொய்யில்லை, அவர் அப்படித்தான் பேசுவார். ஸ்டேஷனுக்குப் போய் வந்ததிலிருந்து அவருக்கு இடது காது கேட்பதில்லை என்கிறார்கள். பள்ளியைச் சுற்றித்தான் இரண்டு நாளும் தேடினார்கள்.

வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளை அழுதுகொண்டே சொன்ன பிறகுதான் சூளைக் கிணற்றை எட்டிப் பார்த்தீர்கள். வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் நான் அங்கே போனேன். கிணற்றில் தண்ணீர் இல்லை. அடியில் புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் மடங்கிக் கிடந்தது.

என்னைப் பார்த்ததும், "நான் யார்கிட்டயும் சொல்லல மாமா" என்றாள்.

கால் ஒடிந்த பிள்ளையைத் தூக்கிப் போனால் எங்கே விழுந்தாள், யார் இறக்கிவிட்டது என்று கேட்பார்கள். அப்புறம் யார் என் வண்டியில் பிள்ளையை ஏற்றுவார்கள்?

"இரு கண்ணு, கயிறு எடுத்துகினு வரேன்" என்றேன். தலையை ஆட்டினாள்.

கயிறு வண்டியிலேயே இருந்தது. நான் திரும்பிப் போகவில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிடவில்லை ஐயா. தனியாக இருக்கிற பிள்ளை, பயந்துவிடக் கூடாதே.