இராயப்பர் வெளியே வர வேண்டிய வாசல்

...கொஞ்சம் ஒசத்திக் கட்டியிருந்தா அந்த ஸ்பெயின்காரனுக்குக் கையா முறிஞ்சிருக்கும், சொல்லுங்க இசித்ரோ தம்பி? முன்னூறு வருஷம் இந்த விகான் ஊர்ல உக்காந்து தின்னவன். கோயில் கட்டினான், மணிக்கூண்டு கட்டினான். என் வீட்டு வாசலுக்கு வந்ததும் செங்கல் தீந்துபோச்சு போல... என்ன, ஸ்பெயின்காரன் கட்டலையா? ஆமா, என் மகளும் அதான் சொல்றா, கட்டினது எங்க சீனக் கொள்ளுத்தாத்தாவாம். அவர் மட்டும் யோக்கியமா? குதிரை வண்டி நுழைஞ்சா போதும்னு விட்டுட்டார். பின்னால ஒரு புனிதர் சுரூபம் சப்பரத்துல ஏறிப் போகணுமேன்னு யோசிச்சாரா?

நீங்க ரம்பத்தை எடுங்க தம்பி. அந்த நிலைக்கு மேல இருக்கிற உத்தரத்துல ஒரு முழம் அறுத்தா போதும். நகராட்சிக்காரங்க பழைய வீட்டுல கை வைக்கக் கூடாதும்பாங்க. அவங்களுக்கு என்ன, சிப்பி ஜன்னல்ல ஒரு சிப்பி ஒடைஞ்சாக்கூட ஒப்பாரி வைப்பாங்க. நான் தெருவுல நின்னு பாத்துக்கறேன். யாராச்சும் வந்தா இருமறேன். பெரிய வெள்ளியில பொய் சொல்லக் கூடாது, இருமலாம்.

யோசிக்காதீங்க. பவனியில முதல்ல போறது நம்ம இராயப்பர் சப்பரம்தான், அது இன்னும் வீட்டுக்குள்ளயே மாட்டிக்கிட்டு நிக்குது. அவர் போகாம ஆண்டவரோட சவப்பெட்டி நகருமா? கோயில் பக்கம் மணிக்குப் பதிலா ஆட்டுற மரக்கிலுக்கைச் சத்தம் கேக்குதா? பங்குச் சாமியார் இந்நேரம் என் பேரைச் சொல்லிப் பல்லைக் கடிச்சிட்டு இருப்பார்.

எதிர்வீட்டு கொன்சோலசியோனைப் பாருங்க. அவ மதலேனாள் சப்பரம் எப்பவோ கோயிலுக்குக் கிளம்பிப் போயிடுச்சு. ரோஜாவும் மல்லிகையுமா... போன வருஷம் என்கிட்ட வந்து என்ன சொன்னா தெரியுமா? "அக்கா, உங்க இராயப்பர் எங்க மதலேனாளுக்கு முன்னால விளக்குப் பிடிச்சிட்டுப் போற வேலைக்காரர் மாதிரி இருந்தார்." இதைச் சிரிச்சுக்கிட்டே சொல்றா. நானும் சிரிச்சேன்.

அதான் இந்த வருஷம் சுரூபத்துக்கு மேல ஒரு பூ வளைவு. சின்னதுதான்னு நெனச்சேன். அப்புறம் ஒரு முழம் ஏத்தினேன். அவ மதலேனாளோட கிரீடம் ஞாபகம் வந்துச்சு, இன்னொரு முழம் ஏத்தினேன்... ஆ, ரம்பச் சத்தம் கேக்குது. நல்லா அறுங்க தம்பி, பழைய மரம், இரும்பு மாதிரி இருக்கும். நான் திரும்பிப் பாக்கல, காவல்ல இருக்கேன்.

வெளியே வச்சுக் கட்டினா அவ பாத்துடுவாளேன்னு, கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே வச்சுக் கட்டினேன். யாரும் எட்டிப் பாக்கல, அளந்தும் பாக்கல. யார் அளப்பா? நான்தான் ஒருத்தரையும் உள்ள விடலையே...

என்ன தம்பி, அவ்வளவு சுளுவா அறுபடுது? உத்தரமா அது, வெண்ணெயா?

தம்பி. நீங்க உத்தரத்துப் பக்கமே இல்லையே. சப்பரத்து மேல ஏறி நின்னு என்ன பண்றீங்க?

...என் வளைவு. என் பூவெல்லாம் தரையில கெடக்கே. ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? என்னடா சிரிக்கிறீங்க, சப்பரம் தள்ள வந்தவனுங்களா? தள்ளுங்க. மெதுவா. தலை... தலை... அம்மா மரியே, தட்டாமப் போயிடுச்சு.

போயிட்டார். தெருவுக்கே வந்துட்டார் என் அப்பன். எப்படி நிக்கிறார் பாருங்க.

சரி தம்பி, நான் கோவிச்சுக்கல. இப்பதான் வெளியே வந்தாச்சே, அந்த வளைவை நாலு ஆணி போட்டு மறுபடியும் அடிச்சிடுங்க. ரம்பத்தை ஏன் பைக்குள்ள வைக்கிறீங்க? சுத்தியலையாவது விட்டுட்டுப் போங்க... தம்பி? இசித்ரோ?

போகட்டும். ஏய், அந்த வளைவை எடுத்து என் கையில குடுங்கடா. பவனி முழுக்க நானே தூக்கிப் பிடிச்சிட்டு வரேன். கீழே இல்லடா, ஒசத்தி. அவ கண்ணுக்குத் தெரியணும்.