காராயி சுத்தின சுத்து

அணையெல்லாம் கட்டாத காலமுங்க. காவேரி தன் இஷ்டத்துக்கு ஓடிக்கிட்டிருந்த காலம். அப்ப இதே கருங்கல்துறையில காராயி, காராயின்னு ஒருத்தி இருந்தாளாம். பரிசல்காரன் பொங்கியண்ணன் பொண்டாட்டி. எங்க வம்சத்துக்கு மூத்தவ. மூங்கில் பின்னி எருமைத்தோல் போத்துன பரிசலு அவங்களுது. புருசன் படுத்துட்டா இவளே துடுப்புப் போடுவாளாம்.

இந்தத் துறைக்குன்னு ஒரு மொறை இருந்துச்சு. பரிசல்ல வர்றவங்க "ஓஓ பரிசலோய்"னு கொரல் குடுத்தா, அக்கரைக்காரன் கஞ்சி குடிச்சிக்கிட்டிருந்தாலும் போட்டுட்டு எறங்கி வந்து பரிசலப் புடிக்கணும். பொணம் வந்தா வேற மொறை. சுடுகாடு அக்கரையில. அதனால நடு ஆத்துல பரிசல மூணு சுத்து சுத்துவாங்க. அதப் பாத்ததும் துறையில ஒரு உசுரு நிக்கக் கூடாது. பெத்த மவனா இருந்தாலும் திரும்பிப் பாக்காம மேடேறிரணும். சுடுகாட்டுலதான் மொகம் பாக்கணும். உசுரோட இருக்கறவனுக்கு அந்தச் சுத்தச் சுத்துனா, ஆறு அவன விடாதுன்னு சொல்லுவாங்க.

அப்ப யாரோ ஒரு ராசாவுக்கும் இன்னொரு ராசாவுக்கும் சண்டையாம். எந்த ராசான்னு என்னைக் கேக்காதீங்க. எவனும் நமக்குக் கஞ்சி ஊத்தல. தோத்தவனோட ஆளுங்க பசியோட ஊர் ஊரா வந்தானுங்க. மாட்டைப் புடிச்சானுங்க, விதைத் தவசத்தை அள்ளுனானுங்க, வயசுப் புள்ளைங்கள இழுத்துக்கிட்டுப் போனானுங்க.

கருங்கல்துறைக்குச் சேதி வந்ததும் ஊரே அக்கரைக்குப் போயிருச்சாம். காராயி மவன் முத்தண்ணன், அவன் பொண்டாட்டி, நாத்தனா நல்லாயி, எல்லாரும் போயிட்டாங்க. பொங்கியண்ணனுக்கு மட்டும் காச்சல். ஒடம்பு கொதிக்குது. தண்ணிக்காத்து பட்டா தாங்க மாட்டான். "நீ போ புள்ள"ங்கறான் அவன். "நீ இல்லாம நான் எங்க மாமா போறது"ங்கறா இவ. போகல.

வந்துட்டானுங்க. வீடு வீடாப் பாத்தானுங்க. அடுப்புல சாம்பல்தான் இருக்குது. கடைசி வீட்டுல இவங்க ரெண்டு பேரு.

அவனுங்க தலைவன் ஆத்தைப் பாத்தான், பரிசலப் பாத்தான். புரிஞ்சுபோச்சு. "ஏய், எங்களை அக்கரைக்குக் கொண்டு போ. நீ கொரல் குடுத்தா அவனுங்க எறங்கி வருவானுங்களாமே. குடு. ஏதாச்சும் வேலை காட்டுனே, உன் புருசன் தலை இங்க உருளும்"னான். ஒருத்தனைக் கத்தியோட கட்டில்கிட்ட நிறுத்திட்டு, மத்தவனுங்க பரிசல்ல ஏறி, தலைப்பாகையக் கழட்டிட்டுக் குனிஞ்சு உக்காந்துக்கிட்டானுங்க.

காராயி முன்னால உக்காந்து துடுப்புப் போடறா. பொழுது சாயுது. கொரல் குடுன்னான். குடுத்தா. "ஓஓ பரிசலோய்!"

அய்யோ, அந்தக் கொரல் போய்ச் சேர்ந்ததும் அக்கரையில கூட்டமா எறங்குறாங்க. ஆம்பளைங்க, பொம்பளைங்க, பொடுசுங்க. முன்னால முத்தண்ணன். முழங்கால் தண்ணியில நின்னு, "அம்மா வந்துருச்சு, அம்மா வந்துருச்சு"ங்கறான். பின்னால குனிஞ்சிருந்தவனுங்க கத்தியத் தொட்டுக்கிட்டானுங்க.

சுத்துனா புருசன் போவான். சுத்தாட்டி ஊரே போவும். சுத்துனா புருசன் போவான், சுத்தாட்டி ஊரே போவும். துடுப்பு போட்டுக்கிட்டே இதையே நெனைச்சாளாம்.

சுத்துனா.

"ஏய், என்னடி பண்றே?"

"சுழிங்க சாமி, துடுப்பு நிக்கலீங்க."

ரெண்டாவது சுத்து. மூணாவது சுத்து.

அக்கரையில அதப் பாத்துட்டாங்க. பொணம்னா அது பொங்கியண்ணன்தான், இக்கரையில மீந்து கெடந்தது அவன் ஒருத்தன்தானே? ஆம்பளைங்க தலையில துண்டப் போட்டாங்க. பொம்பளைங்க திரும்புனாங்க. மாட்டை ஓட்டிக்கிட்டு ஒருத்தர் பின்னால ஒருத்தரா மேடேறுறாங்க. ஆனா முத்தண்ணன் நகரல. நல்லாயி கையப் புடிச்சு இழுக்கறா. "மொறையடா சாமி, வாடா." "எங்கப்பன் அத்த, எங்கப்பன்"னு அழுவுறான், நகர மாட்டேங்கறான். பரிசலு கிட்டக் கிட்டப் போவுது. அப்பன் உசுரோட இருப்பான்ங்கற நம்பிக்கை அவனுக்கு மட்டும் இன்னும் வுட்டுப் போகல.

அப்ப காராயி கைய ஆத்துல நனைச்சா. நெத்திக் குங்குமத்த மவன் பாக்கத் தொடைச்சா. பின்னால இருந்தவனுங்களுக்கு அவ முதுகுதான் தெரியும்.

முத்தண்ணன் திரும்பி மேடேறிட்டான்.

கத்திக்காரனுங்க கரையில எறங்கிப் பாத்தா ஆளில்ல. சாணி சூடா கெடக்குது, ஆளில்ல. "எங்கடி?"னு தலைவன் கத்துனான். "கொரல் குடுக்கச் சொன்னீங்க, குடுத்தனுங்க. உங்க கத்தி வெயில்ல மின்னுச்சு, அவங்க ஓடிட்டாங்க. நான் என்ன பண்ண?"ங்கறா. மேல பாத்தா மலை. கரடி, யானை இருக்கற காடு. பசியில இருக்கறவனுக்கு அதுல ஏறத் தெம்பு ஏது? திட்டிக்கிட்டே திரும்பப் பரிசல்ல ஏறுனானுங்க. இக்கரையில காவலுக்கு நின்னவன் காச்சக்காரனைத் தொடக்கூட இல்லியாம். தொத்திக்கும்னு பயம். அன்னைக்கே ஊரை விட்டுப் போயிட்டானுங்க.

காராயி உள்ள வந்தா. பொங்கியண்ணன் கண்ணத் தொறந்து பாக்கறான்.

"நெத்தி ஏன் புள்ள வெறுசா இருக்குது?"

சொன்னா. எல்லாத்தையும் சொன்னா. அவன் அவ கையப் புடிச்சுக்கிட்டு, "மவன் மேடேறிட்டானா?"ன்னு மட்டும் கேட்டான். "ஏறிட்டான் மாமா." "அப்பறம் என்ன"ன்னான்.

விடியறப்ப அவன் இல்ல.

காச்சல்தான்னு நீங்க சொல்லுவீங்க. நானும் அப்படித்தான் நெனைக்கறேன். அவ நெனைக்கலீங்களே.

அவளே தூக்கிப் பரிசல்ல படுக்க வெச்சு, அவளே துடுப்புப் போட்டா. நடு ஆறு வந்துச்சு. சுத்தல. நேரா போறா. அவருக்கு நேத்தே சுத்தியாச்சே, ரெண்டாந்தரம் எதுக்குன்னு.

அக்கரைக்காரங்களுக்கு அதுக்குள்ள விசயம் புரிஞ்சிருந்துச்சு. மலை மேல இருந்து கத்திக்காரனுங்களப் பாத்துட்டாங்க. சுத்துனது பொய், பொங்கியண்ணன் உசுரோட இருக்கறான்னு அத்தனை பேருக்கும் சந்தோசம். இப்பப் பரிசலு வருது. சுத்தாம வருது. அப்ப உசுரோடதானே வர்றான்? மொறை அப்படித்தானே? "அப்பா! அப்பா!"ன்னு முத்தண்ணன் தண்ணியில ஓடறான். நல்லாயி அண்ணனைப் பாக்க ஓடறா. சிரிச்சுக்கிட்டே ஓடி வந்து பரிசலப் புடிச்சு உள்ள பாத்தாங்க.

நான் எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கறேன். இந்த எடம் வந்தா என் துடுப்பு தானா நின்னுரும்.

காராயி பரிசல விட்டு எறங்கவே இல்லியாம். "நாந்தான் கொன்னுட்டேன். அவருக்கு நான் சுத்திட்டேன் நங்கையா"ன்னு நாத்தனா நல்லாயி காலைத் தொடப் போனா. ஊரே நல்லாயி வாயப் பாக்குது. அண்ணனைப் பறிகொடுத்தவ அவதானே, என்ன சொல்லப் போறாளோன்னு.

நல்லாயி அவ மொகத்த நிமித்துனா. "உன் சுத்துலதான்டி என் வயித்துப் புள்ளைங்க உசுரோட நிக்குதுங்க. அது எங்கண்ணனுக்குச் சுத்துனது இல்ல. எங்களுக்குச் சுத்துனது"ன்னா. ஊரு பக்கம் திரும்பி, "இனிமே இந்தத் துறையில பொணத்துக்குச் சுத்தக் கூடாது. உசுரோட இருக்கறவங்களுக்குத்தான் சுத்தணும்"னு சொல்லிட்டு, காராயியத் தானே பரிசல்ல இருந்து எறக்கி விட்டாளாம்.

அன்னையில இருந்து இங்க அதுதான் மொறை. பொணம் நேராப் போவும். கல்யாணப் பொண்ணு, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, ஊரு பாக்க வர்ற உங்களைப் போல ஆளுங்க, யாரு ஏறுனாலும் நடு ஆத்துல மூணு சுத்து. வெளயாட்டுக்குச் சுத்தறோம்னு நெனைச்சுக் கூச்சல் போடறாங்க. போடட்டும். ஒவ்வொரு சுத்துக்கும் நாங்க வாய்க்குள்ள சொல்றது ஒண்ணுதான். "நீ கொல்லல ஆத்தா."