ஓடாத வண்டிக்கு ஆயில்

இல்லப்பா சக்திவேல், எடுத்த எடுப்புல ஆயில் மாத்தணும்னு நீயும் ஆரம்பிக்காத. மொதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. வெளியவே எடுக்காத வண்டி இது. கோவிலுக்கு நடந்தே போயிடறோம். காய்கறி வாசலுக்கே வந்துடறது. எப்பவாவது வேளச்சேரில பொண்ணாத்துக்குப் போறதோட சரி. இப்பேர்ப்பட்ட வண்டிக்கு எப்பப்போ ஆயில் மாத்தணும்?

ம். வருஷத்துக்கு ஒரு தடவை. ஓடினாலும் ஓடாட்டாலும். சரி. ஓடாத வண்டில ஆயில் எப்படிப்பா கெடும்? அது என்ன பாலா, திரிஞ்சு போறதுக்கு?

ஓ. ஸ்டார்ட் பண்ணிட்டு உடனே அணைச்சா உள்ள வேர்த்து, அந்தத் தண்ணி ஆயில்ல கலந்துடும்ங்கற. நன்னா சூடேற வரைக்கும் ஓட்டினா ஆவியாப் போயிடும். சரிதான், நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கேன். சும்மா உன்னைக் கேட்டுப் பாத்தேன். கோச்சுக்காத. இப்பல்லாம் யார் எது சொன்னாலும் ரெண்டு தடவை கேட்டுக்கறேன்.

ஏன் மேல பாக்கற? பால்கனில மாமி நிக்கறாளா? நிக்கட்டும். உனக்கு முன்னாடியே போன் ஏதாவது பண்ணினாளா? நெஜமா இல்லியே? சரி, பானெட்டைத் திற. நீ செய்யறது மேலேருந்து தெரியாதபடி இப்படித் திரும்பி நில்லு.

விஷயம் இதான். எங்க வண்டிய வாடிக்கையா பாக்கறவன் லாரன்ஸ்னு ஒருத்தன், சாந்தோம்காரன். வாங்கின நாள்லேருந்து அவன்தான். போன வாரம் வண்டி ஸ்டார்ட் ஆகலை. நான் மேல போய்ச் சொன்னதுதான் தாமதம், மாமி அவனுக்குப் போன் போட்டுட்டா. அதுவே எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. கேஸ் தீர்ந்து போனாக்கூட நீங்களே புக் பண்ணுங்கோம்பா. வண்டி விஷயத்துல இவளுக்கு என்ன இவ்வளவு அவசரம்?

லாரன்ஸ் வந்தான். பானெட்டைத் திறந்தான், குனிஞ்சான், உடனே மூடினான். மாமா, இன்ஜின் ஜாம் ஆயிருச்சு, ஆயிலு தாரு மாதிரி உறைஞ்சு போய்க் கெடக்குது, வருஷக்கணக்கா நீங்க மாத்தவேயில்ல, பேசாம வந்த விலைக்குக் குடுத்துருங்கங்கறான்.

மாத்தினேனேடான்னேன். நீ வேளாங்கண்ணி போயிருந்தியே, இந்தப் பொங்கல் கழிச்சு, அப்போ மந்தவெளி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடைக்கு நானே கொண்டு போய் மாத்தினேன். பழைய ஆயிலை பக்கெட்ல வடிச்சான், நான் ஸ்டூல்ல உக்காந்து டீ குடிச்சேன், டீல சர்க்கரை ஜாஸ்தியாப் போச்சு, எல்லாம் ஞாபகம் இருக்குன்னேன். அவன் என் மூஞ்சியப் பாக்கவேயில்லை. மறந்துருப்பீங்க மாமா, அது போன வருஷமோ அதுக்கு முந்தியோ இருக்கும்னான்.

மறந்துருப்பீங்க. அதைச் சொன்னப்போ மாமி அங்கதான் நின்னுண்டு இருந்தா. டக்குனு லிஃப்டுக்குள்ள போயிட்டா.

அவன் போனதும் நான் உக்காந்து சாவியைத் திருகிப் பாத்தேன். கர்ர் கர்ர்னு சுத்தறது. ஏம்ப்பா, ஜாம் ஆன இன்ஜின் சுத்துமா? அதானே! எனக்கு ஒண்ணும் பெரிசாத் தெரியாது, ஆனா அவ்வளவு கூடவா தெரியாது? சரி, இவன் வண்டிய அமுக்கப் பாக்கறான்னு நெனைச்சேன். சாயங்காலம் எம்பொண்ணு அனுப்ரியா போன்ல வரா. அப்பா, எதுக்குப்பா அந்த ஓட்டை வண்டி, போன்ல ஒரு காரைக் கூப்பிட்டா வந்து நிக்கப் போறதுங்கறா. அவளுக்கு யார் சொன்னா? எல்லாரும் கூடிப் பேசி வச்ச மாதிரி இருக்கா இல்லியா? அதான் லாரன்ஸுக்கும் மாமிக்கும் தெரியாத ஆளா வேணும்னு ஈக்காட்டுத்தாங்கல்லேருந்து உன்னைப் பிடிச்சேன்.

சரி, ஆயில் பாக்கற அந்தக் குச்சிய உருவு. இரு, துடைச்சுட்டு மறுபடி விட்டு எடு. வெளிச்சத்துக்குக் கொண்டா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நீயே சொல்லு. என்ன கலர்?

தேன் கலரா.

எனக்காகச் சொல்லாத. வெரல்ல தேய்ச்சுப் பாரு. அப்போ மாத்தி ரொம்ப நாள் ஆகலை? இந்த வருஷம்தான் மாத்தியிருக்கணும், அப்படித்தானே? போன வருஷமா இருக்கவே முடியாது? இன்னொரு தடவை சொல்லு.

ம். இரு, இந்தப் படில கொஞ்சம் உக்காந்துக்கறேன். ஒண்ணுமில்ல, தண்ணியெல்லாம் வேண்டாம். நீ பாட்டுக்குப் பாரு.

என்னது, ஃபியூஸ் ஒண்ணு காணோமா? இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏத்தற பம்புக்குப் போறதா? அது இல்லாட்டா ஸ்டார்ட்டே ஆகாதா? அது தானா விழாதா? யாரோ உருவியிருக்காங்கற.

இதுவா பாரு. சட்டைப் பைலதான் வச்சிண்டிருக்கேன். நான் உருவலைப்பா. நேத்திக்கு மாமி கோவிலுக்குப் போனப்போ, மோர்ல போட்டுக்கலாம்னு பெருங்காய டப்பாவைத் திறந்தேன். உள்ள இது கெடந்தது, நீலமா. என்ன சாமான்னே மொதல்ல தெரியலை. அப்புறம்தான் யோசிச்சேன். நான் மத்தியானம் தூங்கறச்சே லாரன்ஸை வரவழைச்சு எடுக்கச் சொல்லியிருக்கா. பாவம் அவன், சின்ன வயசுலேருந்து வந்துண்டிருக்கறவன், மாமி அழுதா மாட்டேன்னு சொல்ல முடியுமா? இன்ஜின் ஜாம்னு ஒரு பொய் சொல்லச் சொன்னா, அவன் கூடவே ஆயிலையும் சேர்த்துண்டுட்டான். அந்த ஒண்ணுதான் என்னைப் படுத்தி எடுத்துடுத்து. ராத்திரியெல்லாம் அந்த ஸ்டூல், அந்த டீ, அந்த பக்கெட், எல்லாம் திரும்பத் திரும்ப வரது. நெஜமாவே போனேனா, இல்ல நானா நெனைச்சுக்கறேனான்னு. போயிருக்கேன். நீ சொல்லிட்ட. அது போதும்.

இல்ல இல்ல, அதை மாட்டாத. இங்க குடு.

ஏன்னா கேக்கற? போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, வேளச்சேரிலேருந்து வந்துண்டிருந்தோம். மத்திய கைலாஷ் சிக்னல். பச்சை விழுந்தது. எனக்கு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியலை. சாதாரணமா வழி மறக்கற மாதிரி இல்லப்பா. எங்க போயிண்டிருக்கோம்னே தெரியலை. நாங்க குடியிருக்கற ஆம் எங்க இருக்குன்னு தெரியலை. பின்னாடி அத்தனை வண்டியும் ஹார்ன் அடிக்கறது, ஒரு பஸ்காரன் எட்டிப் பாத்துத் திட்டறான், நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சிண்டு உக்காந்திருக்கேன். கல்யாணமான நாள்லேருந்து போயிண்டு வந்துண்டிருக்கற ரோடு அது.

பக்கத்துல உக்காந்திருந்த வைதேகி, மாமிதான், கத்தலை. என்ன ஆச்சுன்னுகூடக் கேக்கலை. உப்பு கொஞ்சம் போதாதுன்னு சொல்ற மாதிரி, ரைட்டுல போங்கோன்னா. போனேன். அடையார் சிக்னல்ல லெஃப்ட்னா. திரும்பினேன். பாலத்துல ஏறினதும், நேரா, நேராப் போங்கோ, நான் இருக்கேன்னா. மந்தவெளி வந்தப்புறம் எல்லாம் தானா வந்துடுத்து, கடை, சந்து, எல்லாம். கார் பார்க்கிங்ல இறங்கினோம். ராத்திரிக்கு உப்புமா போறுமான்னா. போறும்னேன். அவ்வளவுதான் பேச்சு. அன்னிலேருந்து இன்னி வரைக்கும் அதைப் பத்தி அவ வாயே திறக்கலை. அனுகிட்டயும் சொல்லலை, சொல்லியிருந்தா அவ அன்னிக்கே ஓடி வந்திருப்பா. இனிமே ஓட்டாதீங்கோன்னு என்னைப் பாத்துச் சொல்ல அவளுக்கு மனசு வரலை. சொன்னா நான் ஒடிஞ்சு போயிடுவேன்னு, ஒரு ஃபியூஸை உருவிப் பெருங்காயத்துக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா.

டாக்டர்ட்ட போகணும்தான். ரெண்டு நாளா, ஒடம்பு பூரா ஒரு செக்கப் பண்ணிக்கலாமே, ரெண்டு பேருமாப் போலாமேன்னு ஆரம்பிச்சிருக்கா. போறேன். செக்கப்னு அவ சொல்ற பேர்லயே போயிட்டு வரேன்.

பானெட்டை மூடு. அவ கீழ வந்துண்டிருக்கா, லிஃப்ட் சத்தம் கேக்கறது. இதோ பாரு, அவகிட்ட நீ தெளிவா ஒண்ணு சொல்லணும். இன்ஜின் போயிடுத்து மாமி, இனி இதுல கை வைக்கறது வீண், குடுத்துடுங்கோன்னு. உன் வாயால சொல்லு. நான் கொஞ்சம் கத்துவேன். திருட்டுப்பயலே, உனக்கு என்ன தெரியும்னுகூடக் கேப்பேன், மனசுல வச்சுக்காத. கத்தாம நான் பாட்டுக்கு ஒத்துண்டேன்னா, அவளுக்குச் சந்தேகம் வந்துடும்.