பின்கதவுக்குப் பச்சை

காபி வேண்டாம், சார். மத்தியானத்துக்கு மேல் குடித்தால் எனக்கு நெஞ்செரிச்சல் வரும். வரும் என்று தெரிந்த ஒன்றை வரவழைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. வடமதுரை ரோட்டில் யார் பைக்கில் பின்னால் ஏறினாலும் ஹெல்மெட் போட்டுக்கொள்கிற ஆள் நான். சாணார்பட்டியில் எங்கள் தெருவே அதைப் பார்த்துச் சிரிக்கும்.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். ரிஸ்க் மேனேஜர். நகைக்கடன் கொடுத்து, கூடவே இன்சூரன்ஸும் விற்கிற கம்பெனி எங்களுடையது. அதில் என்னென்ன கெடுதல் நடக்கலாம் என்று முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். மஞ்சள் என்றால் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம். பச்சை என்றால் மறந்துவிடலாம். ஆடிட்டர் நச்சரித்ததால்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

திண்டுக்கல்லில் இந்த வேலையைப் பார்ப்பது எவ்வளவு எரிச்சல் தெரியுமா, சார்? வாசலில் நின்று 'போறேன்' என்று சொன்னால்கூட, 'போயிட்டு வாரேன்னு சொல்லு' என்று திருத்துகிற ஊர். இங்கே நான் மாதாமாதம் மீட்டிங்கில் எழுந்து, தீப்பிடிக்கும், ஆள் சாவான் என்று வாசிக்க வேண்டும். நான் வாயைத் திறந்ததுமே எங்கள் எம்.டி. முத்துச்சாமி டிராயரிலிருந்து பழனி விபூதியை எடுத்துப் பூசிக்கொள்வார்.

"ஏப்பா ஈஸ்வரா, ஒன் வாயில வசம்ப வச்சுத்தான் தேய்க்கணும். நல்ல வார்த்தையே வராதா ஒனக்கு?"

'உயிரிழப்பு' என்ற சொல்லை எடுக்கச் சொன்னார். 'அசௌகரியம்' என்று மாற்றினேன். 'தீ' வேண்டாம் என்றார். அது 'வெப்பம்' ஆனது. கடைசியில் என் எச்சரிக்கை இப்படி நின்றது: படிக்கட்டுப் பகுதியில் வெப்பம் காரணமாக ஊழியர்களுக்கு அசௌகரியம் ஏற்படலாம். அதைப் படித்துவிட்டு அங்கே ஒரு ஃபேன் மாட்டிக் கொடுத்தார்கள்.

நான் சொல்ல வந்தது சாதாரண விஷயம். ஆபீஸ் மாடியில் இருந்தது. ஏறி இறங்க முன்படி ஒன்றுதான். அதற்கு அடியில் ஜெனரேட்டர், டீசல் கேன்கள், பழைய சாக்குகள். பின்பக்கம் ஓர் இரும்புப்படி உண்டு. ஆனால் அந்த வழியாக நகை வெளியே போய்விடும் என்ற பயத்தில் பின்கதவை எப்போதும் பூட்டியே வைத்திருந்தார்கள். கீழே பற்றினால் மேலே இருப்பவர்கள் வெளியே வர வழியே கிடையாது. அதற்குத்தான் சிவப்பு கொடுத்திருந்தேன்.

ஆபீஸில் எனக்குக் கருநாக்கு என்று பெயர் வைத்தார்கள். அது எனக்கு வலிக்கவில்லை. கருநாக்குக்காரன் சொன்னால் பலிக்கும் என்று ஒரு பயமாவது இருக்கும். ஆனால் மூன்று வருடமாக நான் சொன்ன எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் முத்துச்சாமி எல்லார் முன்னாலும், "இவனுக்குக் கருநாக்குகூட இல்லப்பா, வெறும் நாக்குதான்" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, சார்.

அப்புறம் வாட்ச்மேன் ஒச்சப்பனுக்குப் படிக்கட்டில் ஷாக் அடித்து, உருண்டு விழுந்து, கை முறிந்தது. அங்கே போகிற ஜெனரேட்டர் ஒயரில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்துவிட்டவன் நான்தான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். அதனால் பிரயோஜனம் ஒன்றும் இல்லை. ஆள்தான் பிழைத்துக்கொண்டானே என்று மஞ்சள் போடச் சொன்னார்கள். அவருக்குக் கட்டுப் பிரித்த பிறகு அதையும் பச்சையாக்கச் சொல்லிவிட்டார்கள்.

ஷப்னம் மட்டும் வேறு மாதிரி. பேகம்பூரிலிருந்து வருகிற பெண், இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்த்துக்கொண்டிருந்தாள். இறந்தவர்களின் வீட்டாரோடு தினமும் பேசுகிறவள் என்பதாலோ என்னவோ, நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டாள். தீ விபத்து ஒத்திகை வைத்தபோது மற்றவர்கள் மிக்சர் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அவள் மட்டும் துப்பட்டாவை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, நான் சொன்னபடியே தரையோடு தரையாகத் தவழ்ந்து பின்கதவு வரைக்கும் போனாள். அங்கே எழுந்து நின்று கேட்டாள்.

"கதவு பூட்டியிருக்கே சார். அப்புறம் எதுக்கு இங்கிட்டு வரச் சொல்றீங்க?"

அதோடு விடவில்லை. அப்பாவைக் காரணம் காட்டி எம்.டி.யிடமே போய் நின்றாள். "எங்க அத்தாவுக்குத் தெரிஞ்சா என்னைய வேலைக்கே அனுப்ப மாட்டாக சார். அந்தக் கதவ மட்டும் தொறந்து விட்ருங்க" என்றாள். மூன்று வருடம் நான் கத்தியும் அசையாதவர், அவள் ஒரு தடவை கேட்டதும் திறந்துவிட்டார். பூட்டையும் சாவியையும் என் கையில் கொடுத்தார்.

"ஒன் பிரச்சன தீந்துச்சுல்ல? அதப் பச்சையாக்கிட்டு, அடுத்த மாசத்துலருந்து இன்சூரன்ஸ் விக்கிற வேலையப் பாரு அப்பு. ரிஸ்க்குக்குன்னு தனியா ஒரு ஆளு எதுக்கு?"

ஷப்னம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு உதவி செய்துவிட்டதாக நினைத்திருக்கிறாள். எனக்கோ உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் சொன்னது சரி என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளாமலேயே விஷயம் முடிந்துவிட்டது, சார். கதவைத் திறந்தவர்கள் நல்லவர்கள், மூன்று வருடம் அதைப் பற்றிப் பேசியவன் கோமாளி. இதை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

அதனால் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஜும்மாவுக்குப் போகிறவர்கள் போயிருப்பார்கள், மற்றவர்கள் சாப்பிடக் கீழே இறங்கியிருப்பார்கள். மாடியில் ஆள் இருக்காது என்று நினைத்ததாக உங்களிடம் முதலில் சொன்னேன். அது முழுக்கச் சரியில்லை. அந்த நேரத்தில் ஷப்னம் ரெக்கார்டு ரூமில் தொழுதுகொண்டிருப்பாள் என்பது எனக்குத் தெரியும். ஆள் இல்லாமல் எரிந்தால் அதற்கும் மஞ்சள்தான் போடச் சொல்வார்கள். ஒச்சப்பன் விஷயத்தில்தான் பார்த்துவிட்டேனே.

சாக்கில் டீசலை ஊற்றிப் பற்றவைத்தது நான்தான். அதற்கு முன்னால் இரும்புப்படி ஏறிப் போய், பின்கதவை வெளிப்பக்கம் பூட்டிவிட்டு வந்தேன். கதவு பூட்டியிருக்கும் என்றுதான் நான் எழுதியிருந்தேன். திறந்திருந்தால் என் கணிப்பு தப்பாகிவிடும்.

புகை மேலே ஏறியபோது நான் மறுபடியும் இரும்புப்படியில்தான் நின்றேன். உள்ளேயிருந்து தட்டினாள். "யாராச்சும் ஈஸ்வரன் சாரக் கூப்புடுங்க, சாவி அவருகிட்டதான் இருக்கு" என்றாள். வார்த்தை தெளிவாக இருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. தட்டுகிற சத்தம் நிற்கும்வரை நின்றுவிட்டு இறங்கிப் போனேன்.

இப்போது முத்துச்சாமி பார்க்கிறவர்களிடமெல்லாம், "ஈஸ்வரன் அன்னைக்கே சொன்னான், நான்தான் கேக்கல" என்று சொல்லி அழுகிறாராம். நீங்கள்தான் சொன்னீர்கள். அவள் நனைத்த துப்பட்டாவை மூக்கில் கட்டியிருந்தாள், தரையோடு தரையாகக் கதவருகே கிடந்தாள் என்றும் சொன்னீர்கள். மற்றதையெல்லாம் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், சார். நான் கொடுத்த பயிற்சியில் ஒரு குறையும் இல்லை என்று மட்டும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.